சிட்னிக்குப் போகும் அம்மிணிக்கு

கேள்வி: அண்ணா, மகள் பிரசவத்துக்காக செப்டம்பரில் சிட்னி போகிறேன். ஓபரா ஹவுஸ், ஹார்பர் பாலம் எல்லாம் மருமகன் காட்டிவிடுவார். எனக்கு ஆசை பறவை பார்ப்பதில்தான். முன்பின் பார்த்திராத பறவைகளை எப்படி இனம் கண்டுகொள்வது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நல்ல மாதமாகத்தான் போகிறீர்கள் அம்மிணி. அங்கே செப்டம்பரில்தான் வசந்தம் தொடங்குகிறது. என் பையன் அந்த ஊரில் இருப்பதால் நானும் கொஞ்சம் சுற்றியிருக்கிறேன்.

எடுத்த எடுப்பில் புதுப் பறவையைத் தேடி ஓடாதீர்கள். நம்மூர்ப் பறவையின் சாயலில் இருப்பதை முதலில் பாருங்கள். சென்டினியல் பூங்காக் குளத்தில் வெள்ளை நெற்றியோடு கருப்பாக நீந்துவது நாமக்கோழி. சிங்காநல்லூர் குளத்தில் இருக்கிற அதே இனம்தான். கரையில் வாலை வெட்டி வெட்டி நடப்பது நம் நீலத் தாழைக்கோழிக்குப் பங்காளி. நம்மூரதற்குத் தலை சாம்பல் பூத்திருக்கும், அதற்கு முதுகு கருப்பு. இப்படி வித்தியாசம் பார்த்துக் கண் பழகிவிட்டால், அப்புறம் அதே குளத்தில் கருப்பு அன்னம் வந்தாலும் திகைக்க மாட்டீர்கள்.

மைனா விஷயத்தில் மட்டும் கவனம். மஞ்சள் மூக்கு, கண்ணோரம் மஞ்சள் என்று அங்கே இரண்டு பறவைகள் உண்டு. உடம்பு சாம்பலாக இருந்தால் அது அந்த மண்ணின் தேன் உண்ணும் பறவை. பழுப்பாக இருந்தால் நம்ம மைனாவேதான். பூச்சி தின்னட்டும் என்று 1860களில் மெல்போர்னில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அது உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடுங்கிக்கொள்கிறது என்று கரித்துக்கொட்டுகிறார்கள். கூட்டி வந்தது யார் என்று நான் பையனிடம் கேட்டேன். பதில் இல்லை.

விடியும் முன் குயில் கூவினால் ஊர் நினைப்பு என்று எண்ண வேண்டாம். நியூ கினி பக்கமிருந்து அந்த மாதங்களில் வலசை வரும் குயில் அது. ஆண் கருப்பு, கண் சிவப்பு. தூக்கம் போச்சு என்று சிட்னிக்காரர்கள் புலம்புவார்கள்.

மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் கிளியை அவசியம் பாருங்கள். குப்பைத்தொட்டி மூடியை மூக்காலும் காலாலும் திறக்கும். 2018க்கு முன் சிட்னி வட்டாரத்தில் மூன்று புறநகர்களில் மட்டும் தெரிந்த இந்த வித்தை, 2019 கடைசிக்குள் 44 புறநகர்களுக்குப் பரவிவிட்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்கிறது என்று 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஓபரா ஹவுஸை நான் ஒருமுறை பார்த்ததோடு சரி. இந்தக் கிளிக்காகக் குப்பை வண்டி வரும் நாளில் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெயர் தெரியாததைக் கண்டால் உடனே போனை எடுக்காதீர்கள். குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? மூக்கு எப்படி? தரையில் நடக்கிறதா, தத்துகிறதா? நாலு வரி எழுதிக்கொண்டு, பிறகு பறவையை இனம் காட்டும் மெர்லின் செயலியைத் திறங்கள். ஆஸ்திரேலியத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

இன்னொன்று. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மேக்பை என்ற கருப்பு வெள்ளைப் பறவை தலைக்கு மேல் பாயலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூடு காக்கும் காலம். தொப்பி போடுங்கள், ஓடாதீர்கள், அடுத்த நாள் வேறு தெருவில் போங்கள்.

கேள்வி: நானும் ஆஸ்திரேலியா போகிறேன். பைனாகுலர் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: தாராளமாக. 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. எட்டு மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும். செருப்பு, ஷூவில்தான் பிரச்சினை. முப்பது நாளுக்குள் பண்ணைக்குப் போனீர்களா என்று வருகை அட்டையில் கேட்பார்கள். தோட்டமும் கட்டுத்தறியும் உள்ளவர் என்றால் 'ஆம்' என்றே எழுதுங்கள். ஷூவை மண் போகக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். பேரனுக்கென்று மயிலிறகு எடுத்தால் அதையும் அட்டையில் சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.