மரிம்பாவுக்கு எந்த இசைத்தாள்?

கேள்வி: நான்கு கோல்களைப் பிடித்து, மரக்கட்டைகளைத் தட்டி இசைக்கும் கருவியான மரிம்பாவை வாசிப்பதில் ஓரளவு தேர்ந்துவிட்டேன். என் கருவி 4.3 ஸ்தாயி கொண்டது. இனி எந்த இசைத்தாள்களை வாங்கலாம்?

பதில்: பெயரையும் புகழையும் பார்ப்பதற்கு முன், தாளில் வரும் மிகத் தாழ்ந்த சுரத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் கருவியின் மிகத் தாழ்ந்த கட்டை மேற்கத்திய இசையின் 'ஏ' என்ற சுரம். ஐந்து ஸ்தாயிக் கருவியோ அதற்கும் கீழே 'சி' வரை இறங்கும். வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவின் அடிச்சுரமும் அதே 'சி' என்பதால், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஆறு தொகுப்புகளும் பெரிய மரிம்பாவில் இயல்பாகப் பொருந்திவிடுகின்றன. உங்களுக்கோ கீழ்ச்சுரங்களை ஒரு ஸ்தாயி உயர்த்த வேண்டியிருக்கும், அதில் பாதி அழகு போய்விடும் என்பது என் எண்ணம்.

மரிம்பாவுக்கென்றே எழுதப்பட்டவற்றில் ஜப்பானியரான மினோரு மிகி 1968இல் இயற்றிய 'டைம் ஃபார் மரிம்பா', கெய்கோ அபேயின் 'மிச்சி', ஜேக்கப் டிரக்மன் 1986இல் ஆறு சிறு பகுதிகளாக எழுதிய 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ் ஆன் தி நேச்சர் ஆஃப் வாட்டர்' ஆகியவை உங்கள் நிலைக்கு உரியவை.

கோல்களுக்கு இடப்படும் எண்களிலும் கவனம் தேவை: மரிம்பா கலைஞர் லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸின் முறையில் இடக்கோடியில் உள்ள கோல் 1, வலக்கோடியில் உள்ளது 4, வேறு சிலர் இதைத் தலைகீழாக எண்ணுவதால், முன்னுரையைப் படிக்காமல் தொடங்கினால் முதல் வரியிலேயே கை பின்னிக்கொள்ளும்.