ஷூ லேஸ் முடிச்சில் என்ன இருக்கிறது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களான பென் ஜான்சனின் ‘ஸ்டில் டு பி நீட்’ (எப்போதும் நேர்த்தியாக), ராபர்ட் ஹெரிக்கின் ‘டிலைட் இன் டிஸ்ஆர்டர்’ (கலைந்திருப்பதில் ஓர் இன்பம்) இரண்டையும் ஒப்பிட்டு அடுத்த வாரம் செமினார் எடுக்க வேண்டும். எத்தனை முறை படித்தாலும் ‘மேக்கப் வேண்டாம், இயல்பாக இரு’ என்று இருவரும் ஒரே பாட்டைப் பாடுவதாகத்தான் தோன்றுகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? அக்காவிடம் படித்துக் காட்டினால், ‘இவங்களை யாரு கேட்டா?’ என்கிறாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் அக்காவை எனக்குப் பிடித்துவிட்டது. அவர் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சொல். இரண்டு கவிதையிலும் வரும் ‘ஆர்ட்’ என்பதைக் ‘கலை’ என்று வைத்துக்கொண்டு படித்தால் பாதி விஷயம் கைநழுவிவிடும். ஓவியம், சிற்பம் பற்றி இங்கே பேச்சே இல்லை. கைத்திறன், செய்நேர்த்தி, ஒப்பனை என்பதுதான் பொருள். கொஞ்சம் ஏமாற்று வேலையும் அதில் சேர்த்தி.

ஜான்சனுடைய 12 வரிகளும் 1609-ல் வந்த ‘எபிசீன்’ நாடகத்தில் பாடப்படுபவை. தொகுப்புகளில் தனியாக அச்சிடுவதால் ஜான்சனே பெண்களுக்குப் புத்தி சொல்வதுபோல் தெரிகிறது. நாடகத்தில் பாட்டை எழுதியவன் கிளெரிமாண்ட் என்ற கனவான். லேடி ஹாட்டி என்ற சீமாட்டி அலங்காரம் முடியும்வரை எந்த ஆணையும் அறைக்குள் விடுவதில்லை. அவனுடைய வேலைக்காரப் பையன் மட்டும் தாராளமாகப் போய்வருகிறான். அந்த எரிச்சலில் பிறந்த பாட்டு இது. கதவுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவனின் புலம்பல் என்று படித்துப் பாருங்கள், தொனியே மாறிவிடும். எப்போதும் விருந்துக்குக் கிளம்புவதுபோல் பவுடரும் வாசனையுமாக இருக்கிறாயே, உள்ளே ஏதோ சரியில்லை என்கிறான். அது சந்தேகம். வெள்ளை ஈயத்தைக் குழைத்து முகத்தில் பூசிய காலம் அது, தோலே அரித்துப்போகும். ஆகவே அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஒப்பனையை அவன் ‘அடல்டரீஸ் ஆஃப் ஆர்ட்’ என்கிறான். கலப்படம், கள்ள உறவு என்ற இரண்டு அர்த்தமும் அந்த ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

பாட்டு முடிந்ததும் நண்பன் ட்ரூவிட், ‘நான் எதிர்க்கட்சி’ என்று ஆரம்பித்துவிடுகிறான். நல்ல அலங்காரம் இருந்தால் போதும், உலகத்து அழகெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது அவன் வாதம். லண்டன் ஆல்ட்கேட் வாசலில் சிலைகளுக்கு வண்ணம் தீட்டிப் பளபளப்பாக்கி முடிக்கும்வரை துணி போட்டு மூடி வைத்திருந்தார்களே, வெறும் கல்லாக இருக்கும்போது ஜனங்களுக்குக் காட்டினார்களா என்று கேட்கிறான். செமினாரில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மேடையில் பெண் வேஷம் கட்டியவர்கள் எல்லோரும் பையன்கள். கடைசிக் காட்சியில் மணப்பெண்ணின் டோப்பாவைக் கழற்றினால், கதைப்படியும் உள்ளே இருப்பது ஒரு பையன்! ஒப்பனையைத் திட்டும் பாட்டை ஜான்சன் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் பாருங்கள்.

ஹெரிக் ஜான்சனைக் குருவாகக் கொண்டாடியவர். டெவன் பகுதியில் டீன் பிரையர் என்ற கிராமத்துப் பாதிரியார், கல்யாணம் ஆகாதவர். இந்தக் கவிதை 1648-ல் ‘ஹெஸ்பெரிடீஸ்’ தொகுப்பில் வந்தது. மொத்தம் 14 வரி. தேடிப் பாருங்கள், முகம் வராது. கண், கூந்தல் எதுவும் வராது. தோளில் அலட்சியமாகக் கிடக்கும் மெல்லிய துணி, தடம் மாறிய லேஸ், கவனிக்காமல் விட்ட மணிக்கட்டுப் பட்டி, புயலாக அலையும் பெட்டிகோட், ஏனோதானோவென்று கட்டிய ஷூ லேஸ், இவ்வளவுதான். அந்த முடிச்சில் ‘வைல்ட் சிவிலிட்டி’ தெரிகிறது என்கிறார். காட்டுத்தனமும் நாகரிகமும் ஒரே முடிச்சில். முடிச்சு அவிழ்ந்துவிடவில்லை, கவனித்தீர்களா? கட்டித்தான் இருக்கிறது.

ஜான்சனின் ஆள் ஒப்பனையே வேண்டாம் என்கிறான். ஹெரிக்குக்கு ஒப்பனை வேண்டும், அது தெரியக் கூடாது. ‘டூ பிரிசைஸ்’ ஆக, அதாவது அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருந்தால்தான் பிடிக்காது. அந்த ‘டூ’வின் கீழ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். (‘பிரிசைஸ்’ என்பது அன்று பியூரிட்டன்கள் என்ற கறாரான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களைக் கேலி செய்யும் சொல்லும்கூட. அரசர் பக்கம் நின்றதால் 1647-ல் ஹெரிக்கின் பதவியைப் பறித்ததும் அவர்கள் தரப்புதான்.)

இப்போது வாய்விட்டுப் படியுங்கள். ‘த்ரோன்’ (thrown) என்பதற்கு ‘டிஸ்ட்ராக்‌ஷன்’ என்று ஓர் அரைகுறை இயைபு. கவிதையும் சற்றே கலைந்த உடை போட்டுக்கொண்டிருக்கிறது. அளவுக்கு மீறிய ஒழுங்கைக் குறை சொல்லும் கடைசி இரண்டு வரி மட்டும் கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது. தற்செயலாக வருகிற காரியமா இது? பொற்கொல்லரான சித்தப்பாவிடம் தொழில் பழகியவர் ஹெரிக். ஜான்சன் இளமையில் செங்கல் அடுக்கியவர். இதை வைத்து ஒரு தியரி எழுத எனக்குக் கை அரிக்கிறது, நீங்கள் எழுதாதீர்கள், மார்க் போய்விடும்.

இரண்டுமே ‘ஆர்ட்’ என்ற சொல்லில் இயைபு வைத்துத்தான் முடிகின்றன. ஜான்சன் அதற்கு ‘ஹார்ட்’ தேடுகிறார், ஹெரிக் ‘பார்ட்’ தேடுகிறார். அங்கே இதயத்தைத் தொடவில்லை என்ற புகார், இங்கே ஒவ்வொரு பாகத்தையும் விடாமல் மேய்கிற கண். செமினாரை இந்த இரண்டு சொற்களிலிருந்தே தொடங்கலாம்.

சரி, அக்கா கேள்வி. யாரும் கேட்கவில்லைதான். ஹெரிக்கின் கவிதையில் அந்தப் பெண்ணுக்குக் குரலே கிடையாது. கலைந்த உடையை அவள் வேண்டுமென்றே கலைத்தாளா, அவசரத்தில் ஓடி வந்தாளா என்று நமக்குத் தெரியப்போவதில்லை. லேடி ஹாட்டி பரவாயில்லை. பாட்டு வெளியே நடந்துகொண்டிருக்க, அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறார்.