மோட்டார் சைக்கிளுக்காக வெட்டலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), தரைவீட்டில் குடியிருக்கிறேன். சென்ற மாதம் அதிகாலை 3 மணியளவில் இருவர் கேட்டின் பூட்டை வெட்டி நுழைந்து, வீட்டின் முன்புறம் நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் உருட்டுக்கட்டையோடு ஓடிவந்து கத்தியதும், தெருமுனையில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். விடாமல் துரத்தி ஒருவன் முதுகில் இரண்டு அடி வைத்தேன், அவன் தப்பிவிட்டான். போலீசில் புகார் செய்யவில்லை. பாராங் கத்தியை எடுத்துப்போய் வெட்டியிருக்க வேண்டும், வீட்டில் திருட வந்தவனை வெட்டினால் வழக்கே நிற்காது, அமெரிக்காவில் சுட்டே விடுகிறார்கள் என்கிறார் என் மச்சான். அவர் சொல்வது சரியா? இனிமேல் இரவில் கேட்டில் கரண்ட் வைக்கலாமா?

பதில்: உங்கள் மச்சான் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அந்தக் கால்வாசியில்தான் இருக்கிறது.

நம் மலேசிய நாட்டுத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உடலை மட்டுமல்லாமல் சொத்தையும் காத்துக்கொள்ளும் உரிமை 97வது பிரிவில் இருக்கிறது. சொத்தைக் காக்கும்போது எதிராளிக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கு அந்த உரிமை நீளும் சூழ்நிலைகளை 103வது பிரிவு குறிப்பிடுகிறது: கொள்ளை; இரவில் வீட்டை உடைத்துப் புகுதல்; மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல்; தடுக்காவிட்டால் உயிரிழப்போ கடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க வகையில் நடக்கும் திருட்டு, நாசவேலை அல்லது வீட்டு அத்துமீறல். இவற்றுக்குள் அடங்காத சாதாரணத் திருட்டு என்றால், 104வது பிரிவின்படி, மரணம் தவிர்த்த வேறு தீங்கு விளைவிக்கும் அளவோடு உரிமை நின்றுவிடுகிறது.

உங்கள் மச்சான் "இரவில் வீட்டை உடைத்தல்" என்ற சொற்களைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அக்குற்றம் குடியிருக்கும் கட்டடத்துக்குள், அதாவது வீட்டுக்குள், புகுவதைப் பற்றியது. கேட்டின் பூட்டை வெட்டித் திறந்தவெளியில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது அத்துமீறலும் திருட்டும் ஆகுமே தவிர, வீட்டை உடைத்ததாகப் பெரும்பாலும் ஆகாது. வீட்டோடு ஒட்டிக் கூரை போட்டு, மூன்று பக்கமும் அடைத்த கார் நிறுத்துமிடமாக இருந்தால் வாதாட இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஓர் ஆளின் உயிர் போன பிறகு, கூரையின் அகலத்தை அளந்து தலையைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலை உங்களுக்கு வரவேண்டாம்.

அப்படியே 103வது பிரிவுக்குள் வந்தாலும், 99வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமான தீங்கு எந்நிலையிலும் கூடாது. அரசாங்க அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் உரிமையே கிடையாது. ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்தவன் இருட்டில் உங்கள் பிள்ளைகளின் அறை வாசலில் நிற்கிறான் என்றால், அவன் கையில் என்ன இருக்கிறதென்று விசாரித்துக்கொண்டிருக்கச் சட்டம் உங்களைக் கேட்பதில்லை. அவனே உங்களைக் கண்டதும் தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டுவிட்டு வந்த வழியே ஏறிக் குதிக்கும்போது அவன் முதுகில் வெட்டு விழுந்தால், அந்த ஒரு வெட்டுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். காயம் முன்பக்கமா பின்பக்கமா என்பதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒரு வரியில் சொல்லிவிடும்.

வழக்கே நிற்காது என்பது முற்றிலும் தவறு. தற்காப்பு என்பது விதிவிலக்கு. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105வது பிரிவின்படி அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரையே சேரும். 302வது பிரிவின் கீழ் கொலைக்குற்றம் சாட்டப்பட்டால் பொதுவாக ஜாமீன் கிடைக்காது. உயர்நீதிமன்ற விசாரணை முடியும்வரை சிறையில் இருக்க நேரிடும். 2023ஆம் ஆண்டில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் நீதிபதி இன்றும் மரண தண்டனை விதிக்கலாம், அல்லது 30 முதல் 40 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். நல்லெண்ணத்தில் உரிமையின் எல்லையை மீறிவிட்டதாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், குற்றம் 304வது பிரிவுக்கு இறங்கும். அங்கும் அதிகபட்சம் 30 ஆண்டு வரை போகலாம்.

வண்டி போனால் வேலைக்குப் போக வழியில்லாத மனிதருக்கு இதெல்லாம் திருடனுக்குப் பரிந்து பேசுவதாகத் தோன்றும் என்பதை அறிவேன். ஆநிரை மீட்கப் போய் மாண்ட கரந்தை வீரனுக்கு நடுகல் நட்ட மரபில் வந்தவர்கள் நாம். பொருளை விட்டுக்கொடுப்பது கோழைத்தனம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த இருவரும் பிடிபட்டு, குற்றம் முழுமையாக நிரூபிக்கப்பட்டால், மோட்டார் வாகனத் திருட்டுக்கான 379A பிரிவின் கீழ் நீதிபதி விதிக்கக்கூடிய சிறை குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு; அபராதமும் உண்டு. சாட்சிகளைக் கேட்டு, இரு தரப்பு வாதங்களையும் எடைபோட்ட நீதிபதிக்கே இல்லாத மரண தண்டனை அதிகாரத்தை, தூக்கக் கலக்கத்தில் இருட்டில் ஓடிவந்த வீட்டுக்காரருக்கு எந்த நியாயத்தில் கொடுப்பது? என் மனத்தில் இதற்கு ஒரு பதிலும் இல்லை.

அமெரிக்கா என்று மச்சான் சொல்வது அநேகமாக டெக்சாஸ் மாநிலத்தையே. அங்கே இரவுநேரத் திருட்டைத் தடுக்க உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் வேறு வழியில் சொத்தைக் காக்கவோ மீட்கவோ முடியாது, அல்லது குறைந்த பலத்தோடு தடுத்தால் தன் உயிருக்கே ஆபத்து என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதே அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஆளில்லாத பழைய பண்ணை வீட்டில் தானாகச் சுடும் துப்பாக்கிப் பொறி வைத்தவர்கள் மீது, காலில் சுடப்பட்ட திருடனே வழக்குப் போட்டு 30,000 டாலருக்குத் தீர்ப்புப் பெற்றான். அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை 1971இல் உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பை நினைவூட்டுவது உங்கள் கரண்ட் யோசனைக்காக. கூடவே கூடாது. தற்காப்பு என்பது அந்த நேரத்தில், அந்த ஆளைப் பார்த்து, எவ்வளவு தேவை என்று முடிவு செய்வது. மின்சாரம் அதைச் செய்யாது. திருடன் வராத இரவில் பந்து எடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டைத் தொடலாம். யார் இறந்தாலும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 304A, இல்லையென்றால் அதைவிடக் கடுமையான பிரிவு, உங்கள் மேல் வரும். கேமரா, சங்கிலிப் பூட்டு, தாமானின் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல் குழு) ரோந்து ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 105வது பிரிவின்படி, திருட்டுக்கு எதிரான உரிமை பொருள் திரும்பக் கிடைத்ததும் முடிந்துவிடுகிறது. தெருமுனையில் வண்டி விழுந்த கணத்தில் உங்கள் உரிமையும் அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு விழுந்த இரண்டு அடிகள் தற்காப்பில் சேராது. கண்ணெதிரே திருடியவனைப் பிடித்துத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்கப் பொதுமக்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27வது பிரிவு இடம் தருகிறது. பிடிப்பதற்காக அடித்தேன் என்று சொல்லலாம், ஆனால் ஓடுபவன் முதுகில் கட்டையால் இரண்டு முறை அடித்ததற்கு அது முழு விளக்கமாகாது. அவன் எலும்பு முறிந்து எங்காவது மருத்துவமனையில் படுத்திருந்தால், வழக்கு உங்களைத் தேடி வரக்கூடும்.

ஆகவே புகாரை இனியும் தள்ளிப்போட வேண்டாம். அதே சமயம் தனியாகவும் போக வேண்டாம். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கட்டணம் சிரமமென்றால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். வெட்டப்பட்ட பூட்டையும் அந்த உருட்டுக்கட்டையையும் தூக்கிப் போடாமல், துடைக்காமல், அப்படியே வைத்திருங்கள்.