அந்தப் பழைய மடிக்கணினியை அணைக்கச் சொல்லாதீர்கள்

வணக்கம் அம்மா.

ஜோகூர் மாநிலத்து ரெங்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். சமையலறைச் சுவரோரம் மூடி உடைந்த ஒரு மடிக்கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. படிவம் 5 படிக்கும் மகனைக் கேட்டால், "அது செர்வர்மா, அணைக்கக் கூடாது" என்கிறான். செர்வர் என்றால், மற்றக் கருவிகள் கேட்பதைக் கொடுக்க எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி. அவன் அப்பாவுக்கு மின்கட்டணக் கவலை. பெரியம்மா மகனோ எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். 'ஹேக்கர்' என்று யாரோ சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில் அப்பாவின் கவலையைத் தீர்ப்போம். திரை அணைந்த நிலையில் ஓடும் பழைய மடிக்கணினிக்கு 20 வாட் அளவுதான் மின்சாரம் செலவாகும். மாதம் முழுக்க ஓடினாலும் ஏறக்குறைய 14 யூனிட். பத்து ரிங்கிட்டைத் தொடாது. உங்கள் வீட்டுக் கூரைவிசிறி இதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள்: நாள் முழுக்க மின்சாரத்தில் மாட்டியே இருக்கும் பழைய கணினியின் பேட்டரி உப்பிக்கொள்ளக்கூடும், அது தீப்பிடிக்கக்கூடியது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்ட முடியுமா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். இடி இடிக்கும் மாலைகளில் மோடத்தையும் சேர்த்து சுவிட்சிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஜோகூர் மின்னலுக்குப் பலியான மோடங்களுக்குக் கணக்கே இல்லை.

இனி அவன் என்னதான் செய்கிறான் என்பதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். நண்பர்கள் மைன்கிராஃப்ட் விளையாட வீட்டிலேயே ஓர் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறான். குடும்பப் படங்கள் எல்லாம் அந்தக் கணினிக்குப் போகின்றன. வீட்டுக் கைபேசிகளில் விளம்பரம் வருவது குறைந்துவிட்டது. இவற்றை விளையாட்டு என்று ஒரே சொல்லில் அடக்கிவிட வேண்டாம். நண்பன் தன் வீட்டிலிருந்து இவன் கணினிக்குள் வர வேண்டுமென்றால் முகவரி எது, எந்தப் போர்ட் (கணினியின் எண்ணிட்ட நுழைவாயில்) வழியாக வருகிறான், வீட்டு இணையத்தைப் பகிரும் ரவுட்டர் அவனை எங்கே அனுப்புகிறது என்பதெல்லாம் புரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தைத் தடுத்தவனுக்கு, ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் இணையம் அதை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது என்று தெரியும். அதற்குப் பெயர் டிஎன்எஸ். கல்லூரியில் நெட்வொர்க்கிங் பாடத்தில் சொல்லித் தருவதை இவன் தேவைக்காகத் தானே தேடிக் கற்றிருக்கிறான். விளையாடுகிற பிள்ளைகள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விளையாட இடம் கட்டிக்கொடுக்கும் பிள்ளைகள் மிகச் சிலர். உங்கள் மகன் இரண்டாவது வகை.

விளையாட்டையே தொழிலாக்கி இ-ஸ்போர்ட்ஸில் சம்பாதிக்கலாம் என்று அவன் சொன்னால் மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். அதில் நிலைப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் செர்வரோட லாக்கைக் காட்டு" என்று கேளுங்கள். லாக் என்பது கணினியின் பதிவேடு; வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழையும் முயற்சிகள் நேரத்தோடு அதில் பதிவாகும். செர்வரை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால், உலகின் எந்த மூலையிலிருந்தோ தானியங்கி நிரல்கள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வரிவரியாகத் தெரியும். இணையத்தில் திறந்திருக்கும் எல்லா இயந்திரங்களுக்கும் இது நடக்கிறது, பயப்பட வேண்டாம். அந்த வரிகளில் எது வெறும் இரைச்சல், எது உண்மையான ஆபத்து என்று பிரித்தறிவதுதான் சைபர் பாதுகாப்பு வேலையின் அடிப்படை. வங்கிகளும் மருத்துவமனைகளும் தொலைபேசி நிறுவனங்களும் இதற்காகவே 24 மணி நேரமும் ஆட்களை ஷிஃப்டில் உட்கார வைத்திருக்கின்றன. நம் தோட்டத்தில் காவல் பார்த்த ஜாகா செய்த வேலைதான் அது. டார்ச் லைட்டுக்குப் பதில் திரை.

அந்தத் துறை நம் நாட்டில் இப்போது சட்டப்படியே உருவம் பெற்றுவிட்டது. 2024-ஆம் ஆண்டின் சைபர் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நிறுவனங்களின் கணினி அமைப்புகளைக் கண்காணிக்கும் சேவைக்கும், அனுமதியோடு ஊடுருவிச் சோதிக்கும் சேவைக்கும் அதன் கீழ் உரிமம் வேண்டும். வீட்டில் பழகுகிற பையனுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் நாளை அவன் சேரப்போகும் தொழிலுக்கு அரசாங்கம் உரிமம் கொடுக்கிறது என்பதை அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். ஹேக்கர் என்ற பயம் கொஞ்சம் இறங்கும்.

கொஞ்சம்தான் இறங்க வேண்டும். முழுவதும் இறங்கக் கூடாது. இந்தக் கடிதத்தில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: தனக்குச் சொந்தமில்லாத எதையும் அவன் தொடக் கூடாது. பள்ளி வைஃபையின் கடவுச்சொல், ஆசிரியரின் கணக்கு, பக்கத்து வீட்டு ரவுட்டர், கடையின் சிசிடிவி, எதுவானாலும் சரி. "சும்மா பார்த்தேன், எதையும் அழிக்கவில்லை" என்பது சட்டத்தின் முன் பதிலே ஆகாது. 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்; 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேறு குற்றம் செய்யும் நோக்கத்தோடு நுழைந்தால் தண்டனை இதைவிடக் கூடும்.

இந்த வழுக்கல் எப்படித் தொடங்குகிறது என்பதற்கு மைன்கிராஃப்ட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள், மைன்கிராஃப்ட் செர்வர் நடத்தும் போட்டியாளர்களை முடக்கத் தாக்குதல் நடத்திய வட்டத்திலிருந்து வந்தவர்கள், 2016-இல் 'மிராய்' என்ற நிரலை உருவாக்கினார்கள். வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை மக்கள் மாற்றாமல் விடுகிறார்கள் அல்லவா, அந்த ஒரு பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தியது அது. நிரல் வெளியே பரவி, அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையத் தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். புலனாய்வுத் துறையோடு ஒத்துழைத்ததால் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள். ஆனாலும் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகச் சேவையும் விதிக்கப்பட்டன. திறமை இருந்தது, யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லையைச் சொல்லவில்லை என்றுதான் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். உங்கள் மகனிடம் இந்தக் கதையை அப்படியே சொல்லுங்கள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். நீங்கள் சொல்லிக் கேட்பது வேறு.

பழக இடம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. உடைத்துப் பார்ப்பதற்கென்றே கட்டிவைத்த தளங்கள் உள்ளன. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் இவன் வயதுப் பிள்ளைகளுக்கானது. ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற பயிற்சி லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைகளைப் படிப்படியாகப் பழக்கும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் நெட்வொர்க்கிங் அடிப்படைகளை இலவசமாகவே படிக்கலாம். காசு கேட்கும் சான்றிதழ் வகுப்புகளுக்கு இப்போது ஒரு சென் செலவழிக்க வேண்டாம். அவை வேலைக்குப் போகும் காலத்தில் பயன்படுபவை.

சான்றிதழுக்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். செர்வரில் இன்று என்ன மாற்றினான், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தான் என்று தேதி போட்டு எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நல்லது. இந்தத் துறையில் கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டுபிடித்ததை மேலாளருக்குப் புரியும்படி அறிக்கையாக எழுதுவது மீதிப் பாதி. நேர்முகத்தில் "நீ என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால் அந்த நோட்டைத் திறந்து காட்டலாம்.

இப்போது படிப்பு. எஸ்பிஎம்மில் தேசிய மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. கணினியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வரலாற்றைத் திறக்காமல் விடுவதுண்டு, கவனம். கணிதத்தில் கிரெடிட் இல்லாமல் கணினி டிப்ளோமாவுக்குப் போவது கடினம். கூடுதல் கணிதத்திலும் கிரெடிட் எடுத்துவிட்டால் பட்டப்படிப்புக்கு வழி எளிதாகும். அதனால் தேர்வு முடியும்வரை செர்வர் ஓடட்டும், ஆனால் இரவு பதினோரு மணிக்கு அவன் படுத்துவிட வேண்டும். ஓடுவதற்கு அவன் விழித்திருக்க வேண்டியதில்லை, அதுதானே செர்வர்.

உங்கள் பக்கத்திலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. பத்து பகாட் அருகே பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் தகவல் பாதுகாப்பு பட்டப்படிப்பு உண்டு. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க்கும் பாதுகாப்பும் சேர்ந்த பட்டப்படிப்பு. மலாக்காவில் யுடெம் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு. இவற்றுக்குப் போக மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு), எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்), பொலிடெக்னிக் டிப்ளோமா என்று பல வழிகள். மெட்ரிகுலேஷனுக்கு எங்கே, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் இது தெரியாமலே சில பெற்றோர் தேதியைத் தவறவிடுகிறார்கள். எஸ்டிபிஎம் கடினம்தான், ஆனால் வீட்டில் தங்கியே பள்ளிக்குப் போய்ப் படிக்கலாம், செலவு மிகக் குறைவு.

தனியார் கல்லூரி முகவர்கள் கோயில் மண்டபத்திலும் பேரங்காடியிலும் மேசை போட்டு உட்காருவார்கள். 'சைபர் செக்யூரிட்டி' என்று பெரிதாக எழுதிய பதாகையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தப் படிப்பு எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று மகனையே அங்கேயே கைபேசியில் தேடச் சொல்லுங்கள். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் உதவித்தொகை அல்ல, வட்டமாகச் சுற்றி அவன் சம்பளத்துக்கே வந்து நிற்கும். 18 வயதில் ஒரே துறையின் பெயரில் குறுகிவிட்ட படிப்பைவிட, நெட்வொர்க்கும் இயங்குதளமும் ஆழமாகச் சொல்லித்தரும் பொதுவான கணினி அறிவியலே மேல் என்பது என் கருத்து.

பட்டம்வரை போக விருப்பமில்லை என்றாலும் கவலை இல்லை. ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எல்லாம் ஒரே ரயில் பாதை. கூலாயில் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. அங்கே கேபிள், மின்சாரம், குளிரூட்டல், செர்வர் பராமரிப்பு என்று டிப்ளோமா படித்த தொழில்நுட்பர்களுக்கும் வேலை இருக்கிறது. சிங்கப்பூர் தொழிற்சாலை எங்கும் ஓடிப்போகாது என்று பெரியம்மா மகனிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

அதுவரை வீட்டிலும் அவனுக்கு வேலை கொடுங்கள். ரவுட்டரின் பழைய கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறானா? நண்பர்கள் வர, செர்வரை ஊருக்கே திறந்து வைக்காமல் வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக விடுகிறானா? குடும்பப் படங்களுக்கு அந்த உடைந்த கணினியைத் தவிர இன்னொரு நகல் இருக்கிறதா? உங்கள் வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டானா? கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்பைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். லயத்து வீடுகளில் இருக்கும் பாட்டி, அத்தைகளுக்கு அதை அவன் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. அவர்கள் சம்மதத்தோடு செய்கிற இந்த உதவியையும் நோட்டில் எழுதட்டும்.

அடுத்த முறை எழுதும்போது படிவம் 4 இறுதித் தேர்வில் கணிதத்திலும் கூடுதல் கணிதத்திலும் அவன் எடுத்த புள்ளிகளைக் குறிப்பிடுங்கள். மெட்ரிகுலேஷனா, எஸ்டிபிஎம்மா, பொலிடெக்னிக்கா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். முடிந்தால் கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள்.