கொமிஷனைக் களவெடுப்பவர்களும் வருகிற மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். நிலாவெளிப் பக்கத்து ஹொட்டேல்கள், புறாமலை, திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு இணையத்தளம் நடத்துகிறேன். அதிலுள்ள இணைப்பு வழியாக யாராவது அறை பதிந்தாலோ, நீச்சல் முகமூடி வாங்கினாலோ எனக்குக் கொமிஷன் வரும், இதைத்தான் அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பார்கள். டிசம்பரில் பாங்கொக்கில் நடக்கும் அஃபிலியேட் மார்க்கெட்டிங் மாநாட்டுக்குப் போகக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அனுசரணையாளர் பட்டியலில் கூப்பன் தேடித்தரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்) நிறுவனம் ஒன்றும், தன் மென்பொருளை ஆட்களின் கணினியில் ஏற்றவைத்தால் இன்ஸ்டோலுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் நிறுவனம் ஒன்றும் இருக்கின்றன. இவர்கள் அட்வெயார்காரர்கள் (கணினிக்குள் விளம்பர மென்பொருளை ஏற்றிவிடுபவர்கள்) என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். போனால் நானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிடுவேனா? இன்னொன்று, என் தளத்தில் கிளிக் குறையவில்லை, கொமிஷன் மட்டும் குறைந்துகொண்டு வருகிறது.
– உப்புவெளி வாசகி

பதில்: போங்கள் தங்கச்சி. காசு கைவசம் இருக்கிறது என்கிறீர்கள், அது போதும். (காப்பை அடகு வைத்துப் போகிற யோசனை எதுவும் இருந்தால் மட்டும் இந்த வருடம் வேண்டாம்.) டிசம்பரில் எங்கள் பக்கம் மழையும் வாடைக்காற்றும், படகுகளும் கரையில்தான் கிடக்கும், மே மாதத்துக்குப் பிறகுதான் உங்கள் தளத்துக்குத் திரும்பவும் சனம் வரும். ஆகவே ஒரு கிழமை நீங்கள் இல்லாததால் எதுவும் கெட்டுப் போகாது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது உங்கள் கேள்வியை விட, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். கிளிக் இருக்கிறது, கொமிஷன் இல்லை. இதற்குக் களவு இல்லாத காரணங்களும் உண்டு: கடைக்காரர் கொமிஷன் வீதத்தைக் குறைத்திருக்கலாம், அறை பதிந்தவர்கள் பிறகு ரத்துச் செய்திருக்கலாம், அமேசான் போன்ற இடத்தில் கிளிக் செய்து 24 மணித்தியாலத்துக்குள் பொருளைக் கூடைக்குள் போடாமல் விட்டால் நாளை மறுநாள் அவரே வந்து வாங்கினாலும் உங்களுக்கு ஒரு சதமும் வராது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தும் கணக்கு இடித்தால் எக்ஸ்டென்ஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

அது வேலை செய்கிற விதம் எங்கள் ஊர்க்காரருக்கு நன்றாகவே விளங்கும். பஸ் நிலையத்தில் இறங்கிய வெள்ளைக்காரரை ஆட்டோக்காரர் ஏற்றி, வழியெல்லாம் கதை சொல்லி, நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ் வாசல் வரை கொண்டு வந்து விடுகிறார். கேற்றடியில் நின்ற பெடியன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் "நான்தான் கூட்டி வந்தேன்" என்று சொல்லிக் கொமிஷனை வாங்கிவிடுகிறான். கடைக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று கணக்கு வைக்கும் நெட்வேர்க்குகளில் பெரும்பாலானவை கடைசிக் கிளிக்குக்குத்தான் காசு கொடுக்கின்றன. வாசகர் உங்கள் இணைப்பால் போய்க் காசு கட்டும் பக்கம் வந்ததும் எக்ஸ்டென்ஷன் ஒரு பெட்டியைத் திறந்து "கூப்பன் தேடவா?" என்று கேட்கும், அவர் ஓம் என்று அழுத்திய அந்தக் கணத்தில் பின்னால் ஒரு டாப்பைத் திறந்து தன்னுடைய இணைப்பைத் தானே கிளிக் செய்து மூடிவிடும், கூப்பன் கிடைத்ததா இல்லையா என்பது வேறு கதை. ஆளை அனுப்பியது யார் என்று பிரவுசரில் கிடக்கும் குறிப்புக்குத்தான் குக்கி என்று பெயர், இப்போது உங்கள் குக்கி போய் அதன் குக்கி வந்துவிட்டது. வாசகருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இது இன்று நேற்று வந்த தொல்லையும் இல்லை. 2002 டிசம்பரிலேயே பெரிய நெட்வேர்க்குகள் சில சேர்ந்து, மற்றவரின் கொமிஷனை இடையில் பறிக்கும் மென்பொருளுக்கு எதிராக நடத்தை விதி ஒன்றை வெளியிட்டன. சாங்கோ என்ற அட்வெயார் நிறுவனம், ஆட்களின் சம்மதம் இல்லாமலே அவர்களுடைய கணினிகளில் மென்பொருளை ஏற்றிய விவகாரத்தில் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 30 லட்சம் டொலர் கட்ட 2006-இல் ஒப்புக்கொண்டது, 2009-இல் கடையையே மூடியது. ஈபேயின் முதலிடத்து அஃபிலியேட்டாக இருந்த ஷோன் ஹோகன், யாரும் கிளிக் செய்யாமலே ஆட்களின் பிரவுசருக்குள் குக்கியைத் திணித்ததற்காக 2014-இல் ஐந்து மாதம் சிறைத்தண்டனை பெற்றார். முதலிடத்தில் இருந்தவர் என்பதைக் கவனியுங்கள், இந்தத் தொழிலில் யார் பெரிய ஆள் என்று மேடையில் சொன்னால் நான் கொஞ்சம் பொறுத்துத்தான் கைதட்டுவேன். அப்புறம் ஹனி. பேபால் சுமார் 400 கோடி டொலருக்கு வாங்கிய கூப்பன் எக்ஸ்டென்ஷன் அது. மற்றவர்களின் அஃபிலியேட் குக்கியை மாற்றிவிடுகிறது என்று 2024 டிசம்பரில் யூடியூபில் குற்றச்சாட்டு வந்து வழக்குகளும் போட்டார்கள். தாங்கள் தொழிலில் வழமையான கடைசிக் கிளிக் முறைப்படியே நடப்பதாக நிறுவனம் பதில் சொன்னது. 2025 மார்ச்சில் கூகுள், பாவிப்பவருக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லாமல் எக்ஸ்டென்ஷன்கள் அஃபிலியேட் இணைப்பைப் போடக்கூடாது என்று, அவற்றை வழங்கும் தன் குரோம் கடையின் விதியை இறுக்கியது.

ஆகவே பாங்கொக் மண்டபத்துக்குள் அப்படிப்பட்டவர்கள் இருப்பதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே மண்டபத்தில் கொமிஷன் கொடுக்கிற கடைக்காரர்களும், கணக்கை வைத்திருக்கிற நெட்வேர்க்காரர்களும் இருப்பார்கள். மின்னஞ்சல் போட்டால் மூன்று கிழமைக்குப் பிறகு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் அனுப்புகிற அதே ஆட்கள் கழுத்தில் பெயர் அட்டை மாட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் போகாமல் விட்டால் அவர்கள் காதில் விழுவது எக்ஸ்டென்ஷன்காரர் சொல்வது மட்டும்தான்.

வெறுங்கையோடு போகாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, குரோமில் புதிய புரொஃபைல் ஒன்றைத் திறவுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இருக்கக்கூடாது. உங்கள் தளத்திலிருந்து உங்கள் இணைப்பைக் கிளிக் செய்து கடைக்குப் போய், முகவரியில் உங்கள் அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சந்தேகப்படும் எக்ஸ்டென்ஷனை ஏற்றி, F12 அழுத்தி, பிரவுசர் எங்கெங்கே தொடர்புகொள்கிறது என்று காட்டும் Network பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பொருளைக் காசு கட்டும் பக்கம் வரை கொண்டு போங்கள், காசு கட்ட வேண்டாம். பெட்டி எழும்பி நீங்கள் அதை அழுத்தியதும் அந்தப் பட்டியலில் அஃபிலியேட் நெட்வேர்க்கின் பெயரோடு புதிய வரி ஒன்று ஓடும், அதில் உங்களுடையது அல்லாத ஒரு குறியீடு இருக்கும். இருந்தால் அகப்பட்டது. மறைவாகத் திறக்கும் டாப்பில் ஓடுவது இந்தப் பட்டியலில் வராமலும் போகலாம், அதனால் பெட்டி எழும்புவதற்கு முன்னும் பின்னும் கடையின் குக்கிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து திரைப்பதிவு செய்யுங்கள், திகதியும் எக்ஸ்டென்ஷனின் பதிப்பு எண்ணும் தெரியட்டும். உங்களுக்கு அதிகம் காசு தருகிற இரண்டு மூன்று கடைகளில் செய்தால் போதும்.

மாநாட்டில் அந்தக் கடைகளின் ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியது: ஏற்கெனவே ஒரு அஃபிலியேட்டின் கிளிக் இருக்கும்போது எக்ஸ்டென்ஷன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதி உங்களிடம் உண்டா, உண்டென்றால் அதைச் சோதித்துப் பார்ப்பது யார்? முதல் பாதிக்கு "ஓம்" என்று உடனே பதில் வரும், அந்த விதிக்கு அவர்களே ஸ்டாண்ட்-டவுன் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியில் முகம் மாறும். ஏனென்றால் அஃபிலியேட் மனேஜருக்குத் தன் திட்டத்தின் வழியாக வந்த மொத்த விற்பனை கூடினால்தான் மேலிடத்தில் நல்ல பெயர், எக்ஸ்டென்ஷன் அந்தத் தொகையை ஊதிக் காட்டுகிறது, எப்படியும் வாங்கவிருந்த ஆளையும் சேர்த்துத்தான். காசை இழப்பது நீங்கள் மட்டும் இல்லை, தானாக வந்த வாடிக்கையாளருக்கும் கொமிஷன் கட்டுகிற முதலாளியும்தான். அதனால் முடிந்தால் மனேஜருக்கு மேலே இருக்கிற, கணக்குப் பார்க்கிற ஆளிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். "என் கொமிஷன் போகிறது" என்று தொடங்க வேண்டாம், "உங்கள் காசு இப்படிப் போகிறது" என்று தொடங்குங்கள்.

அவர்களில் ஒருத்தி ஆகிவிடுவீர்களா என்ற பயத்துக்கு வருகிறேன். மண்டபத்துக்குள் நடப்பதால் ஆகமாட்டீர்கள், அனுசரணையாளர் தருகிற கோப்பியைக் குடிப்பதாலும் ஆகமாட்டீர்கள். அந்த "இன்ஸ்டோலுக்குக் காசு"காரர் உங்களிடம் வந்து, உங்கள் தளத்தில் ஒரு பட்டன் போடுங்கள், திருகோணமலைக் கடல் வானிலை காட்டுகிற சின்ன எக்ஸ்டென்ஷன்தான், ஏற்றுகிற ஒவ்வொருவருக்கும் இத்தனை சதம் தருகிறோம் என்பார். அங்கேதான் கவனம். வானிலை பார்ப்பதற்கு, எல்லாத் தளங்களிலும் உள்ளதை வாசிக்கவும் மாற்றவும் அனுமதி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். அதை ஏற்றுவது உங்களை நம்பி வருகிற ஆள், கெஸ்ட் ஹவுஸ் ரிசெப்ஷனில் ஒரே லப்டொப்பில் விருந்தினரின் பாஸ்போர்ட் படத்தையும் வங்கிக் கணக்கையும் வைத்திருக்கிற எங்கள் பெடியனாகவும் இருக்கலாம். பிரதான வீதிக் கொமினிகேஷன்களில் கணினியைத் திறந்ததும் நான்கு பக்கத்திலும் விளம்பரம் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள், யாரோ ஒருவர் போட்ட பட்டனில் தொடங்கியதுதான் அது. கையெழுத்து எதையும் அங்கே வைத்துப் போடாதீர்கள், ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பாதிப்பேர் அனுப்பவே மாட்டார்கள்.

வேலை செய்கிற லப்டொப்பை வீட்டில் விட்டுப் போங்கள், பழையது ஒன்று போதும். இலவசமாகத் தருகிற யூஎஸ்பியைச் செருக வேண்டாம். திரும்பி வந்து எழுதுவதானால் யாரையும் கள்ளன் என்று எழுதாமல் பதிவில் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள், வழக்கென்று வந்தால் உப்புவெளியில் இருந்துகொண்டு பதில் சொல்வது லேசு இல்லை. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் எடுக்க முதல் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தை ஒருக்கால் பாருங்கள்.