சென்னையில் 3டி பிரிண்ட் ஏன் நூல் நூலாக இழுக்கிறது?

செட்டிங் எல்லாம் சரி, ஆனாலும் பிஎல்ஏ (3டி பிரிண்டில் பயன்படும் ஒரு வகை பிளாஸ்டிக்) பிரிண்டில் நூல் நூலாக இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை என்றால் நான் முதலில் பிரிண்டருக்குள் போகும் பிளாஸ்டிக் இழையின் சுருளைத்தான் சந்தேகப்படுவேன். முறுக்கு பிழிவது போல, உருகிய பிளாஸ்டிக்கை நாசில் என்ற நுனித் துளை வழியே பிழிந்து அடுக்குகிறோம். இழை நம் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருந்தால், 200 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழ் விடும்; அது தள்ள, பிளாஸ்டிக் ஒழுகி நூலாக இழுக்கும். கவனித்துக் கேளுங்கள், கடுகு பொரிவது போல 'பட் பட்' என்று சத்தம் வரும்.

சுருளை 45-50 டிகிரியில் 5-6 மணி நேரம் காயவைத்து, அப்புறம் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். 60-ஐத் தாண்டினால் இழை இளகிவிடும், கவனம்.

சென்னை ஐஐடி வளாகத்தில் 2021-ல் திறந்த, 3டி பிரிண்ட் செய்த கான்கிரீட் வீடும் இதே பிழியும் முறைதான். அங்கே பாடு வேறு: கலவை குழாயில் ஓடவும் வேண்டும், விழுந்ததும் நிற்கவும் வேண்டும்.