அரை மணியில் சென்னையா?

சேலம்–சென்னை விமானத் தூரம் சுமார் 265 கி.மீ., அரை மணிப் பயணம் என்றார்கள். டிக்கெட்டில் ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கிறது. ஏமாற்றா? – ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

டிக்கெட்டில் ஏமாற்று இல்லை. அரை மணி என்ற பேச்சில்தான் இருக்கிறது. நிலப்படத்தில் நூல் பிடித்து அளந்த தூரத்தை வேகத்தால் வகுத்த கணக்கு அது. இங்கே வரும் ஏடிஆர், காற்றாடி வைத்த விமானம். மணிக்கு 500 கி.மீ. வேகம். அதை எட்டிக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். டிக்கெட் நேரமோ, சக்கரம் நகர்வது முதல் சென்னையில் போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு உருள்வதும் இறங்க முறை வரக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

உண்மையான கணக்கு இது: சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து காமலாபுரம் விமான நிலையம் 20 கி.மீ., 40 நிமிடம். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்டர் மூடிவிடும், ஒன்றரை மணி முன்னால் இருங்கள். டிக்கெட் நேரம் ஒரு மணிக்கு மேல். மீனம்பாக்கத்தில் பெட்டி எடுக்க அரை மணி, அங்கிருந்து வீட்டுக்கு முக்கால் மணி. ஆகமொத்தம் நாலரை மணி! வந்தே பாரத் ஏறக்குறைய நாலு மணியில் சென்ட்ரலில் விட்டுவிடும். தாம்பரத்தில் வேலையென்றால் விமானம். பெரம்பூரில் என்றால் ரயில்.

சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 5.40. 6 மணி 40 நிமிடப் பயணமா? – ஓமலூர்

இல்லை. அது சிங்கப்பூர் கடிகாரம், நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதைக் கழியுங்கள்: 4 மணி 10 நிமிடம்.

ஏற்காட்டிலிருந்து காரில் பெங்களூர் விமான நிலையத்துக்கு நாலு மணி போதுமென்று கிளம்பி, விமானத்தை விட்டோம். பணம் வருமா? – ஏற்காடு

20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் சேரவே ஒரு மணி. அங்கிருந்து பெங்களூர் 200 கி.மீ. விமான நிலையமோ ஊரைத் தாண்டி வடக்கே, தேவனஹள்ளியில். இன்னும் 35 கி.மீ.க்கு மேல். இதைப் பார்க்காமல் கிளம்பியவருக்கு என்ன சொல்ல? கட்டணம் போனது போனதுதான். வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் மட்டும் கேட்டு வாங்குங்கள். ஏறாத டிக்கெட்டுக்கும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும்.

ஏடிஆரில் பெரிய கைப்பெட்டி ஏறுமா? – ஆத்தூர்

ஏறாது, இருக்கைக்கு மேலுள்ள தட்டு சிறியது. 7 கிலோ துணிப்பை போதும். விலை குறைவென்று வாங்கிய என் கெட்டிப்பெட்டி, சக்கரம் ஒடிந்து பரணில் கிடக்கிறது.

ஹைதராபாத் விமானம் அன்று காலையில்தான் ரத்தென்று தெரிந்தது. பாதிப் பணம்தான் வருமென்கிறார் ஏஜென்ட். – அம்மாப்பேட்டை நெசவாளர்

பாதி இல்லை ஐயா, முழுதும் உங்களுடையது. அல்லது மாற்று விமானம்; தேர்வு உங்கள் கையில். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பணத்துக்குப் பொறுப்பு விமான நிறுவனம்தான். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வானிலை போல அவர்கள் கைமீறியது இல்லையென்றால் இழப்பீடும் உண்டு: டிக்கெட்டில் உள்ள பயண நேரம் ஒரு மணி வரை 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது.

ஒன்றைப் பாருங்கள்: பதிவில் இருப்பது உங்கள் செல் எண்ணா, ஏஜென்டின் எண்ணா? தன் எண்ணைப் போட்டுக்கொள்வது சில ஏஜென்டுகளின் வழக்கம். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், ‘தொடர்பு எண் தரவில்லை’ என்று இழப்பீட்டையும் மறுப்பார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள், பிறகு ஏர்சேவா என்ற அரசின் விமானப் புகார் தளம், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.